கையை எடுத்தாலும் நிற்கும் யந்திரம்

ட்ரோன் என்னும் பறக்கும் யந்திரம் இன்று நம் ஊர்களில் யாரும் அண்ணாந்து பார்த்து அதிசயிக்கிற வஸ்துவாக இல்லை. கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடிக்கவும், தேரோட்டத்தின்போது ஜனத்திரளை மேலிருந்து கண்காணிக்கவும், நெல்வயல்களில் மருந்து தெளிக்கவும், மழை வெள்ளத்தில் தீவாகிப்போன தெருக்களில் யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள் என்று தேடவும் அது வந்துவிட்டது. உருவம் சிறுத்து, விலையும் இறங்கி, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஆகிவிட்ட பிறகு, ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் அதை வாங்குகிறார்கள். பெட்டியைப் பிரித்த ஒரு மணி நேரத்துக்குள் தென்னை மரத்து உயரத்துக்கு ஏற்றியும் விடுகிறார்கள். அபாயத்தின் வித்து இந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். சைக்கிள் பழகுகிறவன் முதல் நாளே விழுகிறான். விழுந்த வலியே அவனுக்கு ஆசானாகிவிடுகிறது. ட்ரோனோ, பழகுகிறவனைப் பல நாள் விழவிடாமல் தாங்கிக்கொண்டே வந்து, அவன் தன்னைக் கைதேர்ந்தவனாக நம்பத் தொடங்கிய பிறகு, ஏதோ ஒரு நாள், ஜனங்கள் நிறைந்த ஓர் இடத்தில், தாங்குவதை நிறுத்திவிடுகிறது.

இந்தத் தாங்குதலின் சூட்சுமத்தை அறியாமல் பறக்கக் கற்பது சரியான ஆரம்பம் ஆகாது. 1907ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் பிரெகே சகோதரர்கள், பேராசிரியர் ஷார்ல் ரிஷேயின் துணையோடு, நான்கு மூலைகளிலும் நான்கு பெரிய சுழலிகளைப் பொருத்திய ஒரு யந்திரத்தைச் செய்து, மனிதன் ஒருவனையும் அதில் ஏற்றித் தரையிலிருந்து சிறிது உயரம் எழும்பச் செய்தார்கள். எழும்பியது வாஸ்தவம், ஆனால் மூலைக்கு ஓர் ஆளாக நான்கு பேர் நின்று, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான்கு சுழலிகள் கொண்ட யந்திரத்தின் சுபாவமே அதுதான்: தானாக அது ஒருபோதும் நிலைகொள்ளாது. எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு சுழலிகள் ஒரு திசையிலும், மற்ற இரண்டும் எதிர்த் திசையிலும் சுழல்கின்றன. அந்த நான்கின் வேகத்தையும் கணந்தோறும் கூட்டியும் குறைத்தும் சமப்படுத்திக்கொண்டிருந்தால்தான் அது ஆகாயத்தில் நிற்கும். அன்று அந்த நால்வர் செய்த வேலையை இன்று நகத்தளவு சில்லுகள் செய்கின்றன. சாய்வை உணர ஒன்று, காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தை அறிய ஒன்று, திசையறியக் காம்பஸ், இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள்களிடம் கேட்டறிய ஜி.பி.எஸ்., தரையைப் பார்த்தபடி இருக்கும் சிறு கேமரா என்று இத்தனையும் சேர்ந்து, ரிமோட்டிலிருந்து நம் கையை எடுத்துவிட்டாலும், யந்திரத்தை விட்ட இடத்திலேயே நிறுத்தி வைக்கின்றன. அந்த நிச்சலனத்தைக் கண்டு புதிதாகப் பழகுகிறவர், அது தம்முடைய சாமர்த்தியம் என்ற பிரமைக்கு ஆளாகிவிடுகிறார்.

அடர்ந்த கட்டிடங்களுக்கு நடுவிலோ, மண்டபத்துக் கூரையின் கீழோ செயற்கைக்கோள்களின் தொடர்பு அறுந்துபோகும். தகரக் கொட்டகைக்கும் இரும்புக் கம்பிகள் நிறைந்த கான்கிரீட் தளத்துக்கும் அருகே காம்பஸ் குழம்பிப்போகும். அப்போதும் யந்திரம் கவிழ்வதில்லை, உயரத்தையும் ஏறக்குறையக் காத்துக்கொள்ளும். ஆனால் தரையைப் பார்க்கும் கேமராவும் கைகொடுக்காதபோது, இடத்தைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கமே நகர்ந்துகொண்டு போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் நாட்டில், கால் கிலோ கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் யந்திரத்தின் கதி என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அதைக் கையால் பிடித்து நிறுத்தத் தெரிந்தவரே பறக்கக் கற்றவர்; மற்றவர், யந்திரம் பறப்பதை அருகிலிருந்து பார்த்தவர் மட்டுமே.

ஆகையால் முதல் அப்பியாசத்தை விலையுயர்ந்த கேமரா ட்ரோனில் தொடங்காமல், ஜி.பி.எஸ். இல்லாத ஒரு சிறு விளையாட்டு ட்ரோனில், சுழலிகளைச் சுற்றிலும் காப்பு வளையம் பொருத்தி, வீட்டுக் கூடத்திலேயே தொடங்குவது உசிதம் என்பேன். அதற்கும் முன்னால் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்துப் பழகலாம். பயிற்சி நிலையங்களிலும் முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறார்கள். ரிமோட்டில் இரண்டு குச்சிகள் இருக்கின்றன. பெரும்பாலான யந்திரங்களில் இடது குச்சி ஏற்றி இறக்குவதற்கும், நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்புவதற்கும். வலது குச்சி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் செலுத்துவதற்கு. யந்திரத்தின் வால் நம்மை நோக்கியிருக்கும் வரையில் இதில் யாதொரு சிரமமும் இல்லை. நம் வலம் அதற்கும் வலம், நம் இடம் அதற்கும் இடம். அதன் முகம் நம்மை நோக்கித் திரும்பிய மாத்திரத்தில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகிறது. பதறி இன்னும் அழுத்தமாகத் தள்ளினால் இன்னும் வேகமாக அந்தப் பக்கமே போய்ச் சுவரில் மோதுகிறது. பழகுகிறவர்களின் கையில் ட்ரோன் உடைவது பெரும்பாலும் இந்த ஒரு திருப்பத்தில்தான்.

இதற்குப் பழைய மாடல் விமானக்காரர்கள் ஓர் எளிய உபாயம் வைத்திருக்கிறார்கள். முகம் நம்மை நோக்கியிருக்கையில் யந்திரம் எந்தப் பக்கமாக விலகுகிறதோ, அந்தப் பக்கமாகவே வலது குச்சியைத் தள்ள வேண்டும்; சரியும் பக்கத்துக்கு முட்டுக் கொடுக்கிறோம் என்று மனத்தில் எண்ணிக்கொண்டால் போதும், விலகல் நின்றுவிடும். இதைக் கணக்குப் போட்டுச் செய்ய அவகாசம் இராது. யோசனைக்கு முன்னால் விரல் நகர வேண்டும். அதற்காகவே முதலில் வாலை நம் பக்கம் வைத்து ஒரே இடத்தில் நிறுத்தவும், பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி நிறுத்தவும், பிறகு முகத்தை நம் பக்கம் திருப்பி நெடுநேரம் நிறுத்தவும் பழக வேண்டும். அது கைவந்த பிறகு சதுரம், வட்டம், கடைசியாக எட்டு வடிவம். எட்டு வடிவத்தைச் சீரான உயரத்தில், இரு பக்கமும் ஒரே அளவாக வரும்படி போட்டுவிடுகிறவரிடம் தைரியமாக யந்திரத்தைக் கொடுக்கலாம். இந்த அப்பியாசங்களின்போது கண் யந்திரத்தின் மேலேயே இருக்க வேண்டும். செல்போன் திரையில் தெரியும் காட்சியைப் பார்த்துக்கொண்டு பறப்பது வேறு வித்தை, அது பின்னால் வர வேண்டியது.

வெளியே பழகுவதற்கு நம் நாட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அறுவடை முடிந்த வயலும், விடுமுறை நாளின் பள்ளிக்கூட மைதானமும், கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியின் உள்வாயும் இதற்கென்றே அமைந்தவை. காற்று எழும்பாத விடியற்காலையே உத்தமமான வேளை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வதும், புழுதி மோட்டாருக்குள் புகாமல் ஒரு பாயையோ பலகையையோ போட்டு அதன் மேலிருந்து கிளப்புவதும், கிளப்புமுன் ஒவ்வொரு சுழலியின் ஓரத்தையும் விரல் நகத்தால் வருடிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டு நகத்தில் தட்டுப்படும். தட்டுப்பட்ட சுழலியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்ட வேண்டுமேயன்றி, இன்றைக்கு ஒரு நாள் ஓட்டலாம் என்று எண்ணக் கூடாது. நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் அந்த மெல்லிய தகடு, குழந்தையின் விரலையும் கண்ணையும் வேறுபாடு பார்த்து வெட்டாது. தரையிறங்கும் யந்திரத்தைக் கையால் எட்டிப் பிடிக்கும் பழக்கத்தைப் புதியவர்கள் அறவே விலக்க வேண்டும்.

மின்கம்பியும், பட்டம் விடும் நூலும் திரையிலும் தெரியாது, தூரத்திலிருந்து கண்ணுக்கும் தெரியாது. ஆகவே கம்பம் தெரிந்தால் கம்பி இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பருந்துகளும் காக்கைகளும் தங்கள் எல்லைக்குள் வந்த யந்திரத்தைத் துரத்துவதுண்டு. கூடு கட்டும் காலத்தில் மரங்களை ஒட்டிப் பறக்காமல் இருப்பது பறவைக்கும் நல்லது, யந்திரத்துக்கும் நல்லது. இறக்கும்போது செங்குத்தாக வேகமாக இறக்குவதில் ஓர் அபாயம் உண்டு. சுழலிகள் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே யந்திரம் அமிழ்ந்து, பிடிமானம் இழந்து, தள்ளாடிக்கொண்டு விழும். சற்று முன்பக்கமாக நகர்த்திக்கொண்டே சாய்வாக இறக்கினால் அது எப்போதும் புதிய காற்றில் இருக்கும்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், ஆகாயத்தில் இருக்கும்போது அதுவே யந்திரத்தின் பிராணன், வீட்டில் இருக்கும்போது அதுவே நெருப்பு. லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் நிறையச் சார்ஜ் ஆனபோது 4.2 வோல்ட் காட்டும். பல நாள் உபயோகிக்காமல் வைத்திருப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். முழுச் சார்ஜோடு வாரக்கணக்கில் அலமாரியில் கிடப்பதும், ஒட்ட வடித்துவிட்டு அப்படியே போட்டுவிடுவதும் அதைக் கெடுக்கும். கெட்ட பேட்டரி வயிறு உப்பி நிற்கும். உப்பியதை அழுத்திப் பார்ப்பதும், குத்திக் காற்றை வெளியேற்ற முயல்வதும், அதைக் கொண்டே மீண்டும் ஒரு முறை பறக்கப் பார்ப்பதும் தீயோடு விளையாடுவதாகும். சார்ஜரில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. துணி, காகிதம், மெத்தைக்கு அருகில் வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பறந்து வந்த சூடு ஆறாமல் சார்ஜில் போடுவதும் தவறு.

ஆகாயத்திலோ கணக்கு வேறு. 30 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே யந்திரம் தரைக்கு வரத் தொடங்கிவிட வேண்டும். போகும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உல்லாசமாகப் போன யந்திரம், திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து வர வேண்டியிருப்பதால், பாதிப் பேட்டரியில் போன தூரத்தை மீதிப் பாதியில் கடக்க முடியாமல் யார் வீட்டு ஓட்டின் மேலோ குளத்திலோ இறங்கிவிடுகிறது. எனவே முதலில் எதிர்க்காற்றில் போய், திரும்பும்போது காற்றின் துணையோடு வருவதே விவேகம்.

தொடர்பு அறுந்தால் தானாகவே வீடு திரும்பும் வசதி ஒன்று ஏறக்குறைய எல்லாக் கேமரா ட்ரோன்களிலும் இருக்கிறது. விற்பனையாளர்கள் மிகவும் புகழ்ந்து சொல்வதும், வாங்குகிறவர்கள் மிகவும் நம்பியிருப்பதும் இதைத்தான். நம்புவதற்கு முன் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? போதிய செயற்கைக்கோள்கள் கிடைத்ததும், கிளம்பிய இடத்தை அது வீடு என்று குறித்துக்கொள்கிறது. தொடர்பு அறுந்ததும், முன்கூட்டி அமைத்துவைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் அந்த இடத்துக்கு வந்து இறங்குகிறது. அந்த உயரம் ஊரின் தென்னைகளையும் செல்போன் கோபுரத்தையும்விடக் குறைவாக இருந்தால், திரும்பி வரும் வழியில் அவற்றில் மோதும். எதிரே வருவதைக் கண்டு ஒதுங்கும் சக்தி எல்லா யந்திரங்களுக்கும் இல்லை. உள்ளவற்றிலும் மெல்லிய கீற்றும் கம்பியும் தெரிவதில்லை. செயற்கைக்கோள்கள் கிடைக்குமுன் அவசரமாகக் கிளப்பினால் அது வீட்டையே தவறாகக் குறித்துக்கொள்ளும். படகிலிருந்து கிளப்பினால், படகு நகர்ந்து போன பிறகும் அது புறப்பட்ட இடத்துத் தண்ணீரையே வீடு என்று எண்ணி அங்கே போய் இறங்கும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும், கிளப்புமுன், சுற்றுப்புறத்தில் மிக உயரமாக இருப்பது எது என்று பார்த்து, அதற்கு மேல் கணிசமாகக் கூட்டி, அந்த உயரத்தை யந்திரத்தில் அமைப்பது கட்டாயம்.

சட்டத்தை அறிவதும் பறக்கக் கற்பதன் ஓர் அங்கமே. 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகள் ஆகாயத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்து, அந்த வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி தேவை. அதற்கும் உள்ளே சிவப்பு. மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கிற சென்னையின் தென்பகுதியில், சொந்த வீட்டு மொட்டை மாடிதானே என்று எண்ணிக் கிளப்புவது குற்றமாகலாம். கல்பாக்கம், கூடங்குளம் போன்ற இடங்களின் பக்கம் போகவே கூடாது. வரைபடம் அவ்வப்போது மாறக்கூடியது என்பதால் கிளம்பும் நாளன்று பார்க்க வேண்டும். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

எடையைக் கொண்டும் சட்டம் வகைப்படுத்துகிறது. 250 கிராம் வரை நேனோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. நேனோவைப் பறக்கவிடுவதற்கும், மைக்ரோவைச் சொந்த மகிழ்ச்சிக்காகப் பறக்கவிடுவதற்கும் விமானிச் சான்றிதழ் வேண்டியதில்லை. அதே மைக்ரோவைக் கூலி வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறிய, 18 முதல் 65 வயதுக்குட்பட்ட எவரும் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயின்று அதைப் பெறலாம். 10 ஆண்டுகள் செல்லும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலிருந்து இயங்கும் தமிழ்நாடு அரசின் ஆளில்லா வானூர்திக் கழகமும் இந்தப் பயிற்சியை அளிக்கிறது.

250 கிராமுக்கு உட்பட்டது தீங்கற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். 2025 ஜனவரி 9ஆம் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த பாலிசேட்ஸில் காட்டுத் தீ வீடுகளை எரித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் வாகன நிறுத்தக் கட்டிடத்தின் மேல்தளத்திலிருந்து, ஏறக்குறைய அந்த எடையுள்ள ஒரு ட்ரோனை வேடிக்கை பார்ப்பதற்காக ஏவி, 2,500 மீட்டருக்கும் அப்பால் தம் பார்வைக்கே எட்டாத இடத்துக்கு அனுப்பினார். கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து உதவிக்கு வந்து, தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையில் அது மோதித் துளை போட்டது. விமானிகள் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். ஆனால் தீ எரிந்துகொண்டிருந்த நாட்களிலேயே அந்த விமானம் வேலைக்கு இல்லாமல் போயிற்று. அந்த மனிதர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். யாருக்கும் தீங்கு செய்ய அவர் எண்ணவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. யந்திரம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை அவர் காத்திருந்தால் போதும், அந்த விபத்து நேர்ந்திராது.

நம் பக்கத்தில் மனத்துக்கு நிறைவு தரும் காட்சி ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள், விமானிப் பயிற்சி 5 நாள், உரமும் மருந்தும் தெளிப்பதற்கான பயிற்சி 10 நாள் என்று 15 நாள் பயின்ற பிறகே வயலில் இறங்குகிறார்கள். அப்படிப் பயின்ற ஒருவர் வேலை செய்வதைப் பாருங்கள்: வரப்பில் நின்று காற்றின் திசையைப் பார்த்து, வயலில் யாரும் இல்லை என்று குரல் கொடுத்து உறுதி செய்துகொண்டு, பேட்டரியின் பூட்டை இழுத்துப் பார்த்து, அதன் பிறகே யந்திரத்தைக் கிளப்புவார். ஆளில்லாத வயலுக்கு இத்தனை நிதானம் காட்டும்போது, ஆயிரம் பேர் கூடுகிற கல்யாணத்தில், நேற்றுக் கையில் எடுத்த யந்திரத்தை நாதஸ்வரக்காரர் தலைக்கு மேலும், பூப்பந்தலுக்கு அடியிலும், சீரியல் விளக்குச் சரங்களுக்கு ஊடாகவும் ஓட்டுவதற்கு நாம் சம்மதித்துக்கொண்டிருக்கிறோம். கூரை, கம்பி, இரும்பு, ஜனங்கள் என்று, ஒரு ட்ரோனைக் குழப்பக் கூடியவையும், அது விழுந்தால் காயப்படக் கூடியவர்களும் ஒருங்கே சேரும் இடம் அதைப்போல் வேறில்லை.

ஆகையால் கல்யாண வீட்டார்களுக்கும் கோயில் விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். போட்டோகிராபரிடம் பேசும்போது, ஆல்பத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்பதோடு, ட்ரோன் ஓட்டப்போகிற தம்பி யார், எங்கே பயின்றார் என்றும் கேளுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட யந்திரமானால் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். குறைந்ததானால், மைதானத்தில் முகம் திருப்பி ஓர் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மண்டபத்தையும் கோபுரத்தையும் ஜனம் கூடுமுன் காலையிலேயே எடுத்துவிடும்படியும், ஊர்வலத்தைத் தலைக்கு மேல் வராமல் பக்கவாட்டில் விலகி நின்று எடுக்கும்படியும் சொல்லுங்கள். இவற்றுக்குத் தயங்குகிறவரிடம் அந்த வேலையை ஒப்படைக்காதீர்கள்.